நிலம் நம்முடையது, மான் யாருடையது?

மான் வேட்டை என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? துஷ்யந்த மகாராஜாதானே! தேரில் ஏறி, வில்லை வளைத்துக்கொண்டு, துள்ளி ஓடும் மானைத் துரத்தியபடி கண்வர் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தாரே, அவரேதான். இல்லாவிட்டால், சீதாதேவி ஆசைப்பட்டாள் என்பதற்காகப் பொன்மானின் பின்னால் போன ராமபிரான். நம் கதைகளில் மானைத் துரத்திப் போனவர்கள் எல்லாரும் ராஜ வம்சத்தவர்கள். போன காரியம் ஒன்று, நடந்த காரியம் வேறொன்று!

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ராஜாக்கள் அல்ல. பால் பண்ணைக்காரர், லாரி ஓட்டுகிறவர், பள்ளிக்கூட ஆசிரியை, பல் வைத்தியர், அவருடைய காலேஜில் படிக்கும் பிள்ளை. விஸ்கான்ஸின் என்ற ஒரே ராஜ்யத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வருஷந்தோறும் நவம்பர் மாதத்தில் துப்பாக்கியும் கையுமாகக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆமாம், உட்கார்ந்துவிடுகிறார்கள். தேரும் இல்லை, துரத்தலும் இல்லை.

விஸ்கான்ஸின் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? அமெரிக்க தேசப் படத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே பெரிய பெரிய ஏரிகள் நீலமாகத் தெரிகின்றன அல்லவா? அவற்றில் மிச்சிகன் ஏரிக்கு மேற்கே விரலை வையுங்கள். அதுதான். பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர் போன இடம். ஜெர்மனியிலிருந்தும் நார்வேயிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறியவர்களின் சந்ததியார் நிறைந்தது. அவர்களுக்கெல்லாம் முன்னால், எத்தனையோ தலைமுறைகளாக அந்தக் காட்டில் மான் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் ஒஜிப்வே, மெனோமினி, ஹோ-சங்க் முதலிய பூர்வகுடிகள். ஒஜிப்வே ஜனங்கள் 1837லும் 1842லும் ஒப்பந்தம் எழுதி நிலத்தைக் கொடுத்தபோதுகூட வேட்டை உரிமையை விட்டுக் கொடுக்கவில்லை. அது செல்லும் என்று 1983ல் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அந்தத் தேசத்தில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, நன்றி கூறும் திருநாள். அதற்கு முந்திய சனிக்கிழமை துப்பாக்கி வேட்டை தொடங்குகிறது. திருநாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடுகிறது. மொத்தம் ஒன்பதே நாள்! வில் அம்பு வைத்து வேட்டையாடுகிறவர்களுக்குச் செப்டம்பரிலேயே பருவம் ஆரம்பமாகிவிடும். ஆனால் தீபாவளி மாதிரி ஊரே கூடிக் கொண்டாடுவது இந்த ஒன்பது நாளைத்தான். வேட்டைக்குப் போன கணவன்மாரின் மனைவிகளுக்கென்றே கடைக்காரர்கள் அந்த வாரம் விசேஷ விற்பனை வைப்பதுண்டு. 'மான் விதவைகள்' என்று அவர்களுக்கு வேடிக்கையாக ஒரு பட்டப்பெயர்! நம் வீட்டுப் பாட்டிமார் காதில் விழுந்தால் 'சிவ சிவா!' என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்த மனைவிமாரில் பலர் இப்போது தாங்களே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வாருங்கள், அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு உங்களை விருந்தாளியாக அனுப்பி வைக்கிறேன். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்த மண் ரஸ்தாவில் திரும்பினாலும் இப்படி ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். தாத்தா, பாட்டி, அவர்களுடைய மகள், மாப்பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பேத்தி. பண்ணை வீட்டுக்குப் பின்னால் நாற்பது ஏக்கர் காடு.

அதென்ன, அளந்து வைத்தாற்போல நாற்பது? அளந்து வைத்ததுதான்! அமெரிக்காவில் பெரும்பகுதி நிலத்தைச் சர்க்கார் சதுரம் சதுரமாக அளந்து விற்றது. ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160. அந்தக் காலில் கால் பங்கு 40. பக்கத்துக்குக் கால் மைல் நீளமுள்ள சதுரம். பண்ணையின் கோடியில் கிடக்கும் இப்படிப்பட்ட துண்டுக்குப் 'பின் நாற்பது' என்று பெயர். நம் பக்கத்தில் 'மேலக் காணி', 'கிணற்றடி வயல்' என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

வேட்டை நவம்பரில்தானே, அக்டோபரில் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தாத்தாவுக்கு வேட்டைக் காலம் மார்ச் மாதமே பிறந்துவிடுகிறது. அங்கே இருப்பது வெள்ளை வால் மான். பயந்துவிட்டால் வாலை நிமிர்த்தும். அடிப்பக்கத்து வெள்ளை, கொடி பிடித்தாற்போலத் தெரியும். ஆணுக்கு மட்டும் கொம்பு உண்டு. அது ஆட்டுக் கொம்பு மாதிரி நிரந்தரமல்ல. வருஷா வருஷம் குளிர்காலத்தில் உதிர்ந்து, கோடையில் புதிதாக முளைக்கும். பனி உருகும் நாட்களில் தாத்தாவும் பேத்தியும் உதிர்ந்த கொம்பைத் தேடிக்கொண்டு காடு முழுக்க நடப்பார்கள். ஒன்று கிடைத்துவிட்டால், அந்த ஆண்மான் போன வருஷத்து வேட்டைக்குத் தப்பிவிட்டது என்று அர்த்தம். 'அட, நீ இன்னும் இருக்கிறாயா!' என்று பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் தாத்தாவின் முகம் மலரும். அதே மானைச் சுடத்தான் நவம்பரில் போகப்போகிறார் என்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். அவருக்கு இல்லை.

மே கடைசியிலும் ஜூனிலும் குட்டிகள் பிறக்கும். புல்லுக்குள் தனியாகச் சுருண்டு கிடக்கும் குட்டியைக் கண்டால் தொடக்கூடாது, பரிதாபப்பட்டுத் தூக்கி வந்துவிடக் கூடாது என்பது பேத்திக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம். தாய் எங்கேயோ பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். வந்து பால் கொடுக்கும். ஆகஸ்டில் காட்டின் நடுவே உள்ள சின்னத் திடலில் குளோவர்ப் புல்லும் டர்னிப் கிழங்கும் விதைப்பார்கள். அதற்குப் பிறகு கருவாலி மரங்களை அண்ணாந்து பார்ப்பது தாத்தாவின் நித்திய கர்மம். இந்த வருஷம் கருவாலிக் கொட்டை நன்றாகக் காய்த்திருக்கிறதா? காய்த்திருந்தால் மான் குளோவரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கல்யாண வீட்டுப் பந்தி பக்கத்திலேயே நடக்கும்போது யார் வீட்டுக்குப் போய்ப் பழையது சாப்பிடுவார்கள்?

இந்தக் காலத்தில் மரத்தில் கட்டி வைக்கும் காமிராவும் வந்துவிட்டது. மான் குறுக்கே போனால் தானே படம் எடுத்து டெலிபோனுக்கு அனுப்பிவிடுகிறது. மாப்பிள்ளைக்கு அதில் மோகம். ஆபீஸில் உட்கார்ந்தபடியே மானுக்கு ஹாஜர் எடுத்துக்கொண்டிருப்பார். தாத்தாவுக்கு அது பிடிக்காது. அவருக்கு மரப்பட்டை போதும். ஆண்மான் கொம்பைத் தேய்த்து உரித்த இடம், குளம்பால் மண்ணைச் சீய்த்து வைத்த இடம், இவற்றைப் பார்த்தே யார் வந்தார், எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவார்.

செப்டம்பர் வந்ததும் பரண் வேலை. சோளக் கொல்லையில் காவலுக்குப் போடுகிறார்களே, அதே சங்கதிதான்; ஏணியோடு மரத்தில் சார்த்திப் பட்டை போட்டுக் கட்டியிருக்கும். வாசகர்கள் துப்பாக்கியைத்தான் ஆபத்து என்று நினைப்பீர்கள். பரணிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்கிறவர்களும் ஒவ்வொரு வருஷமும் நிறையப் பேர். ஆகையால் தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிணைக்கிற வாரை மாட்டிக்கொண்டு, அதன் மறு முனையை மரத்தில் கட்டியபடிதான் ஏற வேண்டும். ஏறும்போது கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது. குண்டு போடாத துப்பாக்கியைக் கீழே கயிற்றில் கட்டிவிட்டு, மேலே போய் உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள்ள வேண்டும். 'எத்தனை வருஷமாக ஏறுகிறேன், எனக்குத் தெரியாதா?' என்று தாத்தா ஒரு நாள் வாரை மாட்டாமல் ஏறப் பார்த்தார். பாட்டி அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். மனுஷர் இறங்கி வந்து மாட்டிக்கொண்டார்.

பிறகு துப்பாக்கி. தாத்தாவுடையது அவர் அப்பா வாங்கிய 'முப்பது-முப்பது'. கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டுக் குண்டு மாற்றுகிற பழைய வின்செஸ்டர். 1894ல் வந்த மாதிரி இன்றைக்கும் அந்தக் காடுகளில் நடமாடுகிறது. நூறு கெஜ தூரத்தில் காகிதத்தை வைத்துச் சுட்டு, குறி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேத்தி கோடையிலேயே வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். 1973ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து பிறந்தவர்கள் எல்லாரும் அந்தப் பயிற்சி பெற்றிருந்தால்தான் தனியாக வேட்டையாட லைசென்ஸ். அங்கே நாலு விஷயத்தைத் திருப்பித் திருப்பி உருப்போடச் சொல்வார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே பாவிக்க வேண்டும். அதன் வாயை ஆளில்லாத திசையிலேயே வைக்க வேண்டும். எதைச் சுடுகிறோம் என்பது மட்டுமல்ல, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதும் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். சுடும் நிமிஷம் வரையில் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த மூன்றாவது விதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் ஒரு சட்டை கொடுப்பார்கள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம்! விஸ்கான்ஸினில் 1980 முதல் இது சட்டம். 2016ல் பளீரென்ற ரோஜா நிறமும் போடலாம் என்று அனுமதித்தார்கள். இப்படி உடுத்திக்கொண்டு போனால் மான் ஓடிவிடாதா? ஓடாது. மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் பேதம் தெரியாது. மனிதர் கண்ணுக்கு அரை மைலில் தெரியும். மானிடமிருந்து மறைக்க வேண்டியது நிறத்தை அல்ல, வாசனையை. அதனால் வாசனை சோப்பும் சென்டும் அந்த வாரம் விலக்கு. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, மான் வரக்கூடிய வழிக்குக் காற்றின் கீழ்ப்பக்கமாகத்தான் உட்கார வேண்டும்.

இவ்வளவும் சொந்த நிலத்தில்! பட்டா தாத்தா பெயரில், வரி தாத்தா கட்டுகிறார். மான் அந்த நிலத்தில் பிறந்து, அவர் விதைத்த குளோவரைத் தின்று வளர்கிறது. ஆனால் அது அவருடைய மான் அல்ல. விஸ்கான்ஸின் ஜனங்கள் எல்லாருக்கும் பொது. சர்க்கார் தர்மகர்த்தா மாதிரி பார்த்துக்கொள்கிறது. ஆகவே சொந்தக் காட்டில் சுடுவதற்கும் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஒவ்வொரு மானுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு. சுட்டால், மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்துவிட வேண்டும். கறியைத் தின்னலாம், தானம் செய்யலாம்; விற்கக்கூடாது. நம் தேசத்துச் சட்டம் இதைவிடக் கண்டிப்பு. 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, சொந்தத் தோப்பில் வந்து மேய்ந்தாலும் மானைத் தொட்டால் ஜெயில்தான்.

அவர்களுக்கு ஏன் அப்படி, நமக்கு ஏன் இப்படி என்று கேட்பீர்கள். அவர்களும் ஒரு காலத்தில் மானைத் தொலைத்தவர்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தது. சுட்ட மானைப் பெட்டி பெட்டியாக நகரத்து மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதிலும் வெள்ளை வால் மான் ஐந்து லட்சத்துக்குள் வந்துவிட்டது. பிறகுதான் சட்டம், காவல், சீட்டு எல்லாம் பலப்பட்டன. 1937ல் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி வசூலித்து, அதை வனவிலங்கு ரட்சணைக்கே செலவிடுவது என்று ஏற்பாடாயிற்று. இன்று மான்கள் சுமார் மூன்று கோடி!

மூன்று கோடி என்றதும் சந்தோஷப்பட்டீர்களா? அங்கேதான் சிக்கல். இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அதே விஸ்கான்ஸின்காரர், ஆல்டோ லியோபோல்டு என்ற பேராசிரியர். வாலிபத்தில் அரிஸோனாக் காட்டில் உத்தியோகம் பார்த்தபோது, ஓநாய் ஒழிந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று நம்பி ஓநாயைச் சுட்டவர். சுட்ட ஓநாயின் கண்ணில் ஒளி அணைவதைக் கிட்டப் போய்ப் பார்த்தவர். ஓநாய் இல்லாத மலையில் மான் பெருகிப் பெருகி, கன்று மரங்களையெல்லாம் கறித்துத் தீர்த்துவிட்டுக் கடைசியில் தானும் பட்டினியால் சாவதைப் பிற்பாடு கண்டு மனம் மாறினார். 1935ல் விஸ்கான்ஸின் ஆற்றங்கரையில் சத்தெல்லாம் போன ஒரு பண்ணையை வாங்கினார். அங்கே மிஞ்சியிருந்த கட்டடம் ஒரு கோழிக் கொட்டகைதான். அதையே ஒழுங்கு செய்து, வாரக் கடைசியில் மனைவி மக்களோடு போய்த் தங்கி, ஆயிரக்கணக்கில் பைன் கன்று நட்டார். 1943ல் ராஜ்ய இயற்கைப் பாதுகாப்புக் கமிஷனில் அங்கத்தினரானதும், 'பெண் மானையும் சுட்டால்தான் மந்தை குறையும், காடு பிழைக்கும்' என்று வாதாடினார். அந்த வருஷம் அதற்கு அனுமதியும் கொடுத்தார்கள். ஜனங்களுக்கு வந்ததே கோபம்! தாயைச் சுடச் சொல்கிறானே பாவி என்று பத்திரிகையில் தாக்கினார்கள். 1948 ஏப்ரலில், பக்கத்துப் பண்ணையில் பிடித்த தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் எழுதிய புத்தகம் மறு வருஷம்தான் வெளிவந்தது.

நம் தாத்தாவின் அப்பாவும் அந்தக் கோபக்காரர்களில் ஒருவர். அந்தக் காலத்து மனிதருக்குக் கொம்பில்லாத மானைச் சுடுவது அவமானம். ஆனால் தாத்தா பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்தார். காட்டுக்குள் ஓர் அறை அளவு இடத்தை மான் தாண்ட முடியாத உயரத்துக்குக் கம்பி வலை போட்டு அடைத்துவிட்டார். வேறொன்றும் செய்யவில்லை. இன்றைக்குப் போய்ப் பாருங்கள். வலைக்குள் கருவாலிக் கன்றும் மேப்பிள் கன்றும் ஆளுயரம். வலைக்கு வெளியே பெரிய மரங்களும் அவற்றின் அடியில் வெறும் சருகும். கிழடுகளும் உண்டு, குழந்தைகள் இல்லாத வீடு மாதிரி! பேத்தியை அங்கே கூட்டிப் போய்க் காட்டினார். "இந்த வருஷம் பெண் மான்தான் சுடவேண்டும்" என்றார். அவள் பதில் பேசவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை இரவு. பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வந்து கூடிவிடுகிறார்கள். பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பு பெரிய பாத்திரத்தில் கொதிக்கிறது. மேஜையில் 'ஷீப்ஸ்ஹெட்' என்று ஜெர்மானியர் கொண்டுவந்த சீட்டாட்டம். அதில் ராஜாவைவிட ராணிதான் உசத்தி. பாட்டிதான் எப்போதும் ஜெயிக்கிறாள். துப்பாக்கிகள் எல்லாம் குண்டு நீக்கி மூலையில் சாத்தியாகிவிட்டன. பிறகுதான் பிராந்திப் புட்டி வெளியே வருகிறது. அந்த வரிசை மாறக்கூடாது. அப்புறம் கதைகள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தப்பிப் போன மான், ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு கிளை கொம்பு கூடுதலாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்னும் சில வருஷத்தில் அது கதவு வழியாக நுழைய முடியாது!

விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பிவிடுவார்கள். வெளியே தண்ணீர் உறைகிற குளிர். பாட்டி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இருட்டில் நடக்கிறீர்கள். சூரியோதயத்துக்கு அரை மணி முன்னால்தான் சுடலாம். ஆனால் அதற்கும் வெகு நேரம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். பேத்தியின் வயதுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் அவளும் தாத்தாவும் தரையில் போட்ட மரக் கூண்டுக்குள். உங்களுக்கும் அதிலேயே ஒரு நாற்காலி.

இருட்டு கரைவதை நீங்கள் எப்போதாவது ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முதலில் மரங்கள் இல்லை. பிறகு கரிய கோடுகள். கோடுகளுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறம். எங்கேயோ சருகு நொறுங்குகிறது. மான்தான்! நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அணில். மறுபடி நொறுங்குகிறது. அதே அணில். இத்தனூண்டு பிராணி இத்தனை சத்தம் போடும் என்பது நவம்பர் காட்டில்தான் தெரியும். சிக்கடீ என்ற குருவி ஒன்று துப்பாக்கி முனையிலேயே வந்து உட்கார்ந்து உங்களை விசாரித்துவிட்டுப் போகிறது. தூரத்தில் முதல் வெடி கேட்கிறது. பிறகு இன்னொன்று, வேறு திசையில். கால் விரல்கள் உங்களுடையவைதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மணி எட்டு.

அப்போதுதான் மேட்டின் மேல் அது வந்து நின்றது. கொம்பென்றால் கொம்பு! மூச்சு புகைபோலப் போகிறது. பேத்தி துப்பாக்கியை உயர்த்தினாள். எண்பது கெஜம்கூட இருக்காது. மேட்டு முனையில், வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறது. ஞாபகமிருக்கிறதா, மூன்றாவது விதி? மேட்டுக்கு அப்பால் பள்ளம், பள்ளத்தில் பக்கத்துப் பண்ணைக்காரரின் மாட்டுக் கொட்டகை. தவறிய குண்டுக்குத் தடுப்பு ஆகாயம்தான். தாத்தா வாயைத் திறக்கவில்லை. பத்து எண்ணுகிற நேரம். பேத்தி துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாள். மான் மெதுவாக, யாரும் துரத்தாத மான் எப்படிப் போகுமோ அப்படி, இறங்கிப் போய்விட்டது. தாத்தா தம் பையிலிருந்து சாக்லெட் ஒன்றை எடுத்துப் பாதி ஒடித்து அவள் கையில் வைத்தார்.

அன்றும் ஒன்றுமில்லை, ஞாயிறும் ஒன்றுமில்லை. வேட்டையில் முக்கால்வாசி இதுதான் என்று பழகியவர்கள் சொல்லுவார்கள். திங்களும் செவ்வாயும் அவளுக்குப் பள்ளிக்கூடம். செவ்வாய் மாலை பள்ளியிலிருந்து வந்த கையோடு ஓடினாள். வெளிச்சம் போவதற்குக் கொஞ்சம் முன்னால், குளோவர்த் திடலின் ஓரத்தில் மூன்று பெண் மான்கள். நடுவிலிருந்தது பெரியது. பின்னால் மண் மேடு. சுட்டாள்.

மான் துள்ளிப் பாய்ந்து மரங்களுக்குள் மறைந்துவிட்டது. உடனே பின்னால் ஓடக்கூடாது. துரத்தினால் அடிபட்ட மான் இன்னும் தூரம் போகும், கஷ்டப்பட்டுச் சாகும். அரை மணி நேரம் உட்கார வேண்டும். அந்த அரை மணியில் பேத்தி அழுதாள். தாத்தா சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். பிறகு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சருகில் ரத்தத் துளியைத் தேடினார்கள். நுரை கலந்த ரோஜாச் சிவப்பு. நுரையீரலில் பட்டிருக்கிறது, வெகு தூரம் போயிருக்காது. எழுபது தப்படியில் கிடந்தது. தாத்தா தொப்பியைக் கழற்றினார். வேலிக்கு அப்பால் விழுந்திருந்தால் பக்கத்து நிலக்காரரைக் கேட்காமல் காலெடுத்து வைக்க முடியாது, அதுவும் சட்டம்.

அதற்குப் பிறகு இருக்கிற வேலையைச் சில பேர் எழுதுவதில்லை. வயிற்றைக் கீறிக் குடலையும் ஈரலையும் உடனே அகற்றிச் சூடு ஆற விட வேண்டும். இல்லாவிட்டால் கறி கெட்டுவிடும். 'சுட்டவள் நீ, கத்தியும் நீதான் பிடிக்க வேண்டும்' என்பது அந்த வீட்டு வழக்கம். தாத்தா விளக்கைப் பிடித்துக்கொண்டார். அவள் செய்தாள். கடையில் காகிதம் சுற்றிய கறியை வாங்குகிற நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு கணக்கு அந்தக் குழந்தைக்கு அன்று தெரிந்துவிட்டது. அது நல்லதா கெட்டதா என்று உங்களுக்குள் வாதாடிக்கொள்ளுங்கள். சைவ வீட்டு வாசகர்கள் என்னுடன் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

* * *

மான் வந்துவிட்டது, இனிச் சாப்பாடுதானே? இல்லை, பொறுங்கள். 2002ல் விஸ்கான்ஸினில் ஒரு நோய் தலைகாட்டியது. அதற்கு முன் 1967ல் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்டது. மூளை சல்லடை மாதிரி ஓட்டை விழுந்து, மான் இளைத்து இளைத்துச் சாகும். கிருமி என்று சொல்வதற்கில்லை. உருக்குலைந்த ஒரு வகைப் புரதம். சமைத்தாலும் அழியாது, மண்ணில் வருஷக் கணக்கில் கிடக்கும். வெளிக்கு நல்லபடி தெரிகிற மானிடமும் இருக்கலாம். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. இருந்தாலும், நோய் உள்ள வட்டாரத்தில் சுட்ட மானைப் பரிசோதித்து, இருக்கிறது என்று முடிவு வந்தால் தின்னாதீர்கள் என்று வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகச் சாலையோரத்தில் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். மானின் தலையைக் கழுத்தோடு பையில் கட்டி, சீட்டு எழுதி, அதில் போட்டுவிட வேண்டும். கழுத்து நெறியை எடுத்துப் பார்த்து முடிவு சொல்வார்கள். நோய் உள்ள ஜில்லாக்களில் மானுக்குத் தீனி கொட்டி வைக்கவும் தடை. கூட்டமாக ஒரே இடத்தில் மூக்கை நுழைத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் அல்லவா?

தலை பெட்டிக்குப் போயிற்று. கறியை மாப்பிள்ளை கொட்டகையில் அறுத்து, எலும்பு நீக்கி, காகிதத்தில் சுற்றித் தேதி எழுதி, குளிர்ப்பெட்டியில் தனியாக அடுக்கினார். நாற்பது பவுண்டுக்கு மேல் தேறியது. 'முடிவு வரும் வரை தொடாதே' என்று பாட்டி மேலே ஒரு சீட்டு ஒட்டினாள். ஆகவே வியாழக்கிழமைத் திருநாளில் மேஜையில் மான் இல்லை, வழக்கம்போல வான்கோழிதான்!

திருநாளுக்கு மில்வாக்கி நகரத்திலிருந்து தாத்தாவின் பிள்ளை வந்திருந்தார். வேட்டைக்குப் போகிறவரல்ல. சாப்பாடு முடிந்ததும் பேச்சு எங்கே போகுமென்று எல்லாருக்கும் தெரியும். தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. காட்டு நிலம் நல்ல விலை போகிறது. நகரத்துக்காரர்கள் வேட்டைக்கென்றே வாங்குகிறார்கள். இரண்டு பிள்ளைகள், ஒரு நாற்பது. பாகம் பிரித்தால் ஆளுக்கு இருபது. இருபது ஏக்கரில் மான் ஒரு பாய்ச்சலில் அடுத்தவர் நிலத்துக்குப் போய்விடும். ஒருவரே வைத்துக்கொள்வதென்றால் மற்றவருக்குப் பணம் கொடுக்க வேண்டும்; பால் விலை இருக்கிற நிலையில் எங்கே போவது? இது இந்த ஒரு வீட்டுக் கதை அல்ல. 1990ல் ஏழு லட்சத்தை நெருங்கிய துப்பாக்கி வேட்டைக்காரர் தொகை அதற்குப் பிறகு குறைந்துகொண்டு வருகிறது. பழையவர்களுக்கு வயதாகிறது, நிலம் கை மாறுகிறது, 'அத்துமீறிப் பிரவேசிக்காதே' என்ற பலகைகள் பெருகுகின்றன. சுடுகிறவர் குறைந்தால் கன்று மரங்களை யார் காப்பாற்றுவது? ஓநாய்கள் திரும்பி வந்திருக்கின்றன என்றாலும் பண்ணைகள் நிறைந்த தெற்குப் பகுதியில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. பிள்ளை சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மகள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தாத்தா எழுந்து போய் அடுப்புக்கு விறகு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பருவம் முடிந்தது. திங்கட்கிழமை எல்லாப் பரண்களின் பட்டைகளையும் தளர்த்திவிட்டார்கள். மரம் பருக்கும்போது இறுக்கிக்கொண்டால் பட்டை அறுந்துவிடும். அடுத்த வருஷம் மறுபடி கட்ட வேண்டும். யார் கட்டுவது என்று அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை.

முடிவு வருவதற்குள் பேத்தி மாப்பிள்ளையின் டெலிபோனை நாளுக்குப் பத்து தடவை திறந்து பார்த்துவிட்டாள். பன்னிரண்டாம் நாள் வந்தது. நோய் காணப்படவில்லை. பாட்டி சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதுகுத் தசையிலிருந்து விரல் கனத்துக்கு வில்லைகள் நறுக்கினாள். இரும்பு வாணலியில் வெண்ணெய் உருகியது, வெங்காயம் விழுந்தது. பாதிக் கறி ஸாஸேஜுக்கு, கொஞ்சம் கொத்துக்கறிக்கு, பத்து பவுண்டு பக்கத்தில் தனியாக இருக்கும் கிழவருக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே டெலிபோன் அடித்தது. மில்வாக்கியிலிருந்து பிள்ளை.

"முடிவு வந்துவிட்டதாமே! ஸாஸேஜில் என் பங்கு எத்தனை?" என்று கேட்டார்.